செரோக் தோக் குன் பாறையும் கடாரத்துக் கோயில்களும்

புக்கிட் மெர்தாஜாம் நகரிலிருந்து கூலிம் நோக்கிச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் புனித அன்னாள் தேவாலயம் இருப்பதை இவ்வட்டாரத்தார் அனைவரும் அறிவர். ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் நிகழும் அதன் பெருவிழாவுக்குச் சமய வேறுபாடின்றி மக்கள் திரள்வதும், நம்மவர் பலர் அங்குச் சென்று மெழுகுவத்தி ஏற்றி வருவதும் பல்லாண்டு வழக்கம். ஆயினும் அந்த வளாகத்திற்குள்ளேயே, கருங்கற் பாறையொன்றின் மேல், ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. செரோக் தோக் குன் கல்வெட்டு என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுவது இதனைத்தான்.

அப்பாறையின் முன் நிற்பவர்க்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் கல்வெட்டுகளைக் கண்டு பழகிய கண்ணுக்கு, இங்கே சில சிறு வரிகளே தென்படுகின்றன. அவையும் மழையிலும் வெயிலிலும் தேய்ந்தவை. வெயில் உச்சியில் நிற்கும் வேளையில் பார்த்தால் வெறும் கீறல்கள் எனத் தோன்றும். காலையிலோ மாலையிலோ ஒளி சாய்ந்து விழும்போதுதான் கீறல் எழுத்தாகிறது. எழுத்து, தென்னிந்தியாவில் பல்லவர் காலத்தில் வழங்கிய எழுத்துமுறையைச் சார்ந்தது. மொழி வடமொழி. காலம் ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டு என்பது அறிஞர் கருத்து.

இதனை 1845ஆம் ஆண்டில் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர் கர்னல் ஜேம்ஸ் லோ என்னும் பிரித்தானிய அதிகாரி. சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்த இவர், கெடா சுல்தானிடமிருந்து 1800ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற செபராங் பிறை நிலப்பகுதியின் நிருவாகப் பொறுப்பில் பல்லாண்டுகள் இருந்தவர். வரி, காவல், நில அளவை எனக் கோப்புகளுக்குக் குறைவில்லாத பதவி. எனினும் மலாய், சயாம் மொழிகளைக் கற்று, கெடாவின் பழங்கதையான மேரோங் மகாவங்சாவை ஆங்கிலத்தில் பெயர்த்து, காட்டிலும் வயலிலும் கிடந்த பழங்கற்களைத் தேடித் திரிந்தார். கல்வெட்டின் படிகளைக் கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழகத்துக்கு அனுப்பினார். அன்று அவர் எடுத்த படிகளே இன்றும் ஆய்வாளர்க்குத் துணையாக உள்ளன. கல்லில் தேய்ந்துபோன எழுத்தைத் தாளில் தேட வேண்டிய நிலை.

இக்கல்வெட்டு சொல்வது என்ன? அரசன் ஒருவனையும் அவன் பகைவரையும் பற்றிய செய்தி என்று பழைய வாசிப்பொன்று கூறுகிறது. ஆனால் தேய்ந்த எழுத்துகளை ஒவ்வோர் அறிஞரும் சற்று வேறுபடவே படித்துள்ளனர். எனவே அரசன் பெயரை முன்னிறுத்திப் பெருங்கதை கட்டுவதைக் காட்டிலும், ஐயமின்றித் தெரிவதைக் கைக்கொள்வதே அறிவுடைமை. தென்னாட்டு எழுத்தை அறிந்த ஒருவர், அன்று அடர்காடாக இருந்திருக்கக்கூடிய இம்மலையடிக்கு வந்திருக்கிறார். கடற்கரையிலிருந்து உள்ளே நடந்து, ஒரு பாறையைத் தெரிந்தெடுத்து, உளிகொண்டு எழுதியிருக்கிறார். எழுதியதைப் படிக்க வேறு சிலரும் இங்கு இருந்திருக்க வேண்டும். படிப்பாரில்லாத இடத்தில் எவரும் கல்லில் எழுதுவதில்லை.

இதே செபராங் பிறையின் வடபகுதியில் 1834ஆம் ஆண்டில் லோ கண்டெடுத்த மற்றொரு கல் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. இடிந்த செங்கற் கட்டடமொன்றின் அருகில் கிடைத்த அக்கற்பலகையில் குடைகள் அடுக்கிய பௌத்தத் தூபியின் வடிவம் வரையப்பட்டுள்ளது. இரு மருங்கிலும் எழுத்துகள். இரத்தமிருத்திகை என்னும் ஊரில் வாழ்ந்த புத்தகுப்தன் என்னும் மகாநாவிகன், அதாவது பெருங்கப்பல் தலைவன், தன் கடற்பயணம் இனிது முடிய வேண்டிச் செய்த அறம் அது. எழுத்தின் காலம் ஐந்தாம் நூற்றாண்டு. இரத்தமிருத்திகை என்றால் செம்மண் என்று பொருள். அவ்வூர் எது என்பதில் நெடுநாள் ஐயம் இருந்தது. பின்னர் 1960களில் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் ராஜ்பாடிடாங்கா என்னுமிடத்தில் அகழ்ந்தபோது, இரத்தமிருத்திகை மகாவிகாரம் என்ற பெயர் பொறித்த முத்திரை கிடைத்து ஐயம் தீர்ந்தது. வங்கத்துச் செம்மண் ஊரின் மாலுமி ஒருவர், இன்றைய பினாங்கு மாநில எல்லைக்குள் வேண்டுதல் கல் நாட்டியிருக்கிறார். நாடு கடக்குமுன் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளும் நம்மவர் வழக்கத்தை நினைத்தால் அம்மாலுமியின் மனம் விளங்கும். அக்கல் கல்கத்தா அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிட்டது. ஊரார் பார்ப்பதற்கு எஞ்சியது செரோக் தோக் குன் பாறை மட்டுமே. பாறை பெரிதாயிருந்ததால் அதனைத் தூக்கிச்செல்ல இயலவில்லை போலும்!

இவ்விரு கற்களும் தனித்து நிற்பவையல்ல. வடக்கே மூடா ஆற்றைக் கடந்து கெடாவுக்குள் நுழைந்தால், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை கண்ணில் படும். வங்கக் கடலைக் கடந்து வரும் கலங்களுக்கு முதலில் தெரியும் அடையாளம் அதுவே. அம்மலைக்குத் தெற்கே மெர்போக் ஆறும் மூடா ஆறும் கடலில் கலக்கும் பகுதிதான் பூஜாங் பள்ளத்தாக்கு. தமிழ் நூல்கள் கடாரம் என்று போற்றுவது இந்தக் கெடாவைத்தான். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பண்டங்களுள் காழகத்து விளைபொருளும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. காழகம் என்பது கடாரமே என உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் கூறினார். சீனத் துறவி இத்சிங் 671ஆம் ஆண்டில் புறப்பட்டு இந்தியாவுக்குச் செல்லும் வழியில் கெடாவில் தங்கிச் சென்றதை எழுதிவைத்துள்ளார். காற்றுத் திசை மாறும்வரை கலங்கள் காத்திருந்த துறைமுகம் இது. காத்திருந்தவர்களுக்கு உணவும் உறைவிடமும் வேண்டியிருந்தன; வழிபடக் கோயிலும் வேண்டியிருந்தது.

இப்பள்ளத்தாக்கை 1936, 1937ஆம் ஆண்டுகளில் முறையாக ஆராய்ந்தவர்கள் குவாரிச் வேல்ஸ், அவர் துணைவியார் டோரதி ஆகிய இருவர். ஏறத்தாழ முப்பது இடங்களைக் கண்டு எண்ணிட்டனர். மலாய் மொழியில் பழங்கோயிலைச் 'சண்டி' என்பர். அவற்றுள் எட்டாம் எண் பெற்ற புக்கிட் பத்து பாஹாட் சண்டியே எல்லாவற்றிலும் சிறந்தது. சலசலத்து ஓடும் ஓடையின் கரையில் நிற்கும் இச்சிவாலயத்தை 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லாம்ப் என்னும் அறிஞரின் தலைமையில் மீண்டும் அடுக்கிக் கட்டினர். வேல்ஸ் மதிப்பிட்டதைவிட இது பிற்பட்டது, பத்து பதினொன்றாம் நூற்றாண்டை ஒட்டியது என்பது பின்வந்தோர் கருத்து.

கோயிலோடு பழகிய ஒருவர் இந்த இடத்தில் நின்றால் எவரும் விளக்காமலேயே பலவற்றை அறிந்துகொள்வார். மேலே கருவறை, முன்னே மண்டபம், இரண்டும் ஒரே நேர்கோட்டில். மண்டபத் தளத்தில் வரிசையாகத் தூண்களை ஏந்திய கல் அடிகள் உள்ளன. ஆனால் தூண்களைக் காணோம். தூண்கள் மரத்தாலானவை, மண்ணோடு மண்ணாகிவிட்டன. மேற்கூரையும் அவ்வாறே போயிற்று. தமிழகத்தில் விமானம் முழுவதையும் கல்லால் எழுப்பிய காலத்தில், இங்கே அடித்தளத்தைக் கல்லாலும் மேற்பகுதியை மரத்தாலும் அமைத்திருக்கிறார்கள். தென்னாட்டுக் கோயிலின் தரையமைப்பும் மலாய் மண்ணின் மரவேலையும் கைகோத்து நின்ற கட்டடம் அது. தமிழகத்துக் கோயிலை அப்படியே பெயர்த்து வைத்ததாகக் கூறுவதும், இந்தியாவோடு தொடர்பே இல்லை எனக் கூறுவதும் ஒன்றுபோலப் பிழை. அந்தத் தூணடிகளே அதற்குச் சான்று.

மீண்டும் கட்டும் பணியின்போது கருவறைப் பகுதியிலிருந்து கற்பேழைகள் சில எடுக்கப்பட்டன. பேழைக்குள் சிறு செப்புக் கலங்கள்; அவற்றில் மணிகளும் பொற்றகட்டில் வெட்டிய சிற்றுருவங்களும் இருந்தன. ஆகமம் அறிந்த சிவாசாரியாரிடம் இதைச் சொன்னால் வியப்படையமாட்டார். கோயில் கட்டும்போது கருவறையின் அடியில் மணியும் பொன்னும் தானியமும் இட்டு நிலைநிறுத்தும் கர்ப்பநியாசம் இன்றும் நடைபெறும் கிரியைதானே! குடமுழுக்கின்போது தெய்வத் திருமேனியின் அடியில் எந்திரத் தகடும் நவமணியும் வைப்பதற்குப் பொன்துளி கொடுக்கும் அடியவர் ஒவ்வொருவரும், அந்தப் பேழையை வைத்தவர் கருதியதையே கருதுகின்றனர். இடையில் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்திருக்கின்றன. ஏடுகள் செல்லரித்துப் போயின, செய்கை நிலைத்தது.

மெர்போக்கில் 1980ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இப்பள்ளத்தாக்கின் பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. பிள்ளையாரும், எருமைத்தலை அரக்கனை அழிக்கும் துர்க்கையும், சிதைந்த நிலையில் இங்கிருந்து கிடைத்தவர்களே. புத்தர் திருவுருவங்களும் கிடைத்தன. பெங்காலான் பூஜாங் பகுதியில் சீனத்துப் பீங்கான் ஓடுகளும், மேற்காசியாவின் கண்ணாடித் துண்டுகளும், எண்ணற்ற மணிகளும் குவிந்திருந்தன. சைவரும் பௌத்தரும் அடுத்தடுத்து வழிபட்டனர். சீனரும் அரபியரும் அதே துறையில் பண்டம் மாற்றினர். 2009ஆம் ஆண்டுமுதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வில் இரும்பை உருக்கிய உலைகளும் ஆற்றங்கரைத் துறைகளும் வெளிப்பட்டன. அவற்றின் மிகத் தொன்மையான காலக்கணிப்பைப் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இம்மண்ணின் மக்கள் தாமே இரும்பை உருக்கி விற்றனர் என்பதில் ஐயமில்லை. நாகரிகம் முழுவதையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு நம் முன்னோர் வந்து இறக்கினர் என்று மேடைகளில் முழங்குவோர் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று. வாங்கவும் விற்கவும் வல்ல மக்கள் இருந்த இடத்துக்குத்தான் வணிகன் வருவான்.

மேடை முழக்கத்தில் அடிக்கடி எழும் பெயர் இராசேந்திர சோழன். அவன் 1025ஆம் ஆண்டளவில் கடற்படை செலுத்திக் கடாரத்தை வென்றதும், கடாரம் கொண்டான் எனப் புகழ்பெற்றதும் உண்மையே. தஞ்சைக் கல்வெட்டு அப்படையெடுப்பில் வென்ற ஊர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். இராசேந்திரனின் தந்தை முதலாம் இராசராசன், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே பள்ளிச்சந்தமாக அளித்தான். சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட சைவப் பேரரசன், கடல்கடந்த நாட்டு மன்னன் கட்டிய புத்தர் கோயிலுக்கு நிலம் வழங்கினான்! படையெடுப்பு நிகழ்ந்து அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1090இல், முதலாம் குலோத்துங்கன் கடாரத்துத் தூதரின் வேண்டுகோளை ஏற்று அதே விகாரத்துக்கு உரிமைகளை உறுதிசெய்தான். இவையெல்லாம் ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்ற ஆனைமங்கலச் செப்பேடுகளில் எழுதப்பட்டுள்ளன. படையெடுத்த ஓராண்டை மட்டும் நினைவில் வைத்து, நட்பாயிருந்த நூறாண்டை மறப்பது வரலாறு ஆகாது.

தமிழ்மொழியிலேயே அமைந்த கல்வெட்டு இத்தீபகற்பத்தில் இல்லையா என்ற வினா இயல்பாக எழும். வடக்கே, இன்றைய தாய்லாந்தின் தக்குவாபாவில் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் தோண்டப்பட்டதையும், அதன் காவல் மணிக்கிராமத்தாரிடமும் சேனாமுகத்தாரிடமும் ஒப்படைக்கப்பட்டதையும் கூறுகிறது. மணிக்கிராமம் என்பது தமிழ் வணிகர் குழு. சுமத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகப் பெருங்குழுவைப் பேசுகிறது. குளத்தின் காவலை ஏற்றவரும், வரவு செலவுக்கு விதி செய்தவரும் வணிகரே. இன்றைய சொல்லில் சொன்னால், நிருவாகக் குழு உறுப்பினர்கள்.

இனிச் சொல்ல வேண்டியது மகிழ்ச்சி தருவதன்று. நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்தில் எஞ்சி நின்ற செங்கற் கோபுரம், கடலோடிகளுக்கு அடையாளமாக விளங்கி, 1867ஆம் ஆண்டில் சேசு சபையினர் கல்லூரிக்காக, அன்றைய சென்னை அரசின் இசைவோடு இடிக்கப்பட்டது. கடாரத்தரசன் கட்டியது, சோழன் நிலம் ஈந்தது, எண்ணூறு ஆண்டு காற்றையும் மழையையும் தாங்கியது, ஓர் உத்தரவில் மறைந்தது. அதே கடல்வழியின் மறுமுனையில், 2013ஆம் ஆண்டின் இறுதியில், சுங்கை பத்து அருகே பதினொன்றாம் எண் பெற்ற சண்டி வீட்டுமனைத் திட்டத்துக்காகத் தரைமட்டமாக்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. வேல்ஸ் காலத்திலேயே எண்ணிட்டுப் பதிவான இடம் அது. நாடெங்கும் எல்லா இனத்தாரும் வருந்தினர். செய்தித்தாள்களில் கண்டனங்கள் எழுந்தன. ஆனால் கோயில் இருந்த நிலம் தனியாருடையது. பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் அறிவிக்கப்படவும் இல்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் ஏட்டில் இருந்தும், அந்த இடத்தின் பெயர் அதன் பதிவேட்டில் ஏறாதவரை காப்பதற்கு வழியில்லாமற் போயிற்று. அரசாங்க அலுவலகம் எதனுள்ளும் கால்வைத்தவர்க்கு இது புதிதன்று. தாளில் இல்லாதது தரையில் இருந்தும் இல்லாததே.

நாகப்பட்டினத்தில் பௌத்தக் கோபுரத்தை இடித்தோர் கத்தோலிக்கத் துறவியர். புக்கிட் மெர்தாஜாமில் வடமொழிக் கல்வெட்டு இன்றளவும் நிலைத்திருப்பது கத்தோலிக்கத் தேவாலயத்தின் வளாகத்தில். அப்பாறை அகற்றப்படவில்லை, உடைத்துச் சல்லியாக்கப்படவும் இல்லை. ஒரே சமயத்தார் ஓரிடத்தில் அழித்ததையும் வேறோரிடத்தில் காத்ததையும் சேர்த்துப் பார்க்கும்போது, பழம்பொருளைக் காப்பதும் அழிப்பதும் அந்தந்தக் காலத்தில் பொறுப்பிலிருந்த சிலரின் கவனத்தைப் பொறுத்தது என்பது புலனாகும். அயலார் தம் வளாகத்துள் வேறொரு மரபின் கல்லை வைத்திருக்கையில், நம் கோயில்களில் நம் கற்களை என்ன செய்தோம் என்ற கேள்வியை இந்நன்னாளில் கேட்டுக்கொள்வதில் குற்றமில்லை.

செபராங் பிறையில் 1840களில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். 1910ஆம் ஆண்டில் மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்படும்வரை அவ்வழக்கம் நீடித்தது. பிறகு கங்காணி முறையில் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தனர். இவர்கள் மணிக்கிராமத்தார் போலச் செல்வரல்லர். கல்வெட்டு நாட்டும் வசதி அவர்களுக்கு இருந்ததில்லை. ஒரு மரத்தடியில் கல்லை நட்டு மாரியம்மா என்றனர். முனியாண்டிக்குச் சூலம் ஊன்றினர். பின்னர் தகரக் கொட்டகை, பின்னர் செங்கற் சுவர், பின்னர் கோபுரம். பினாங்குத் தீவில் 1833ஆம் ஆண்டில் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன் திருக்கோயில் போன்ற சிலவற்றுக்கே ஆண்டும் வரலாறும் தெளிவாக உள்ளன. தோட்டக் கோயில்களுள் பலவற்றின் தொடக்கம் முதியோர் நினைவில் மட்டுமே இருந்தது. அம்முதியோரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிற்பேட்டைகளும் குடியிருப்புகளும் எழுந்தபோது, நிலம் யார் பெயரில் என்று கேட்ட அதிகாரிக்குக் காட்டத் தாள் இல்லாமல் இடம்பெயர்ந்த கோயில்கள் எத்தனை!

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருப்பணியின்போது, ஆர்வ மிகுதியால் பழையனவெல்லாம் களையப்படுகின்றன. முதல் கொட்டகையின் மரத்தூண், வார்த்த ஆண்டு பொறித்த வெண்கல மணி, சீமைச் சுண்ணாம்பு பூசிய பழைய சுதைச் சிற்பம், நன்கொடையாளர் பெயர் வெட்டிய சலவைக்கல் ஆகியவை குப்பை வண்டியில் ஏறுகின்றன. புதிய மண்டபத்தில் புதிய பளிங்குப் பலகை பதிக்கப்படுகிறது. அதில் புதிய பெயர்கள். பழைய பலகையில் ஐந்து வெள்ளி, இரண்டு வெள்ளி, ஐம்பது காசு என்று கொடையளித்தோர் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கும். பெயரோடு தகப்பன் பெயர் இருக்கும். சிலவற்றில் தாயகத்து ஊரின் பெயரும், வேலை செய்த தோட்டத்துப் பிரிவின் பெயரும் இருக்கும். எந்த மாவட்டத்து மக்கள் எந்தத் தோட்டத்துக்கு வந்தனர், எந்த ஆண்டில் கூலி உயர்ந்து காணிக்கை கூடியது, பெண்கள் எப்போது தம் பெயராலேயே கொடையளிக்கத் தொடங்கினர் என்பவற்றையெல்லாம் அப்பலகையிலிருந்து ஒருவர் எழுதிவிடலாம். புத்தகுப்தனின் கல்லுக்கும் அப்பலகைக்கும் தன்மையில் வேறுபாடில்லை. கடல் கடந்து வந்த ஒருவர், பிழைத்திருப்பதற்கு நன்றியாக, தம் பெயரையும் ஊரையும் கல்லில் வைத்த செய்தியே இரண்டிலும் உள்ளது.

சுவரை இடிப்பதற்கு முதல்நாள், எழுத்தறிந்த இளைஞர் இருவர் ஒரு குறிப்பேட்டோடும் நிழற்படக் கருவியோடும் கோயிலுக்கு வந்தால் போதும். பலகையிலுள்ள பெயர்களை எழுத்துப் பிழையோடு உள்ளது உள்ளவாறே படியெடுத்து, மணியிலும் விளக்கிலும் உள்ள ஆண்டைக் குறித்து, பழைய கூட்டக் குறிப்புகளையும் நில வரிச் சீட்டுகளையும் ஓர் உறையில் இட்டுச் செயலாளரிடம் ஒப்படைக்க ஒரு பிற்பகல் ஆகும். சலவைக்கல்லைப் பெயர்த்துப் பின்சுவரில் பதிக்கக் கொத்தனாருக்கு அரைநாட் கூலி.